படைத்தளம் வந்த ஊர்களில் தண்ணியும் பட்டாவும் என்ன ஆச்சு? விவரத்தோட மட்டும் எழுதவும்

தேரிக்காட்டான்:
விஜயநாராயணம் கடற்படை நிலையம் பத்தின பழைய இழை நூறு பதிவு ஓடிப் பூட்டுப் போட்டாச்சு. பாதிப் பேர் "வெளிநாட்டுத் தளம் வந்தா ஊருக்குக் கொள்ளைக் காசு"ன்னாங்க, மீதிப் பேர் "ஊரே சுடுகாடு"ன்னாங்க. ரெண்டு பக்கமும் ஒரு தேதி கிடையாது, ஒரு அளவு கிடையாது. அதான் புது இழை.

கேள்வி இதுதான்: வேற நாட்டுப் படை வந்து உக்காந்த ஊர்களில், வேலிக்கு வெளியே இருக்கவனுக்கு எது கெடுது, எந்த வழியா கெடுது, யார் அதைச் சரிபண்ணணும்? ஜப்பானோட ஒகினாவா, இந்தியப் பெருங்கடல்ல டியேகோ கார்சியா, பிலிப்பீன்ஸோட சூபிக், பசிபிக்ல குவாம், அமெரிக்கப் படை உக்காந்த இடம் எங்க வேணா எடுத்துக்கோங்க. நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து மண்ணு தண்ணியோட ஒப்பிட்டுச் சொன்னா படிக்கவனுக்கு விளங்கும்.

இப்ப எதுக்குன்னு கேட்டா, 2024 பிப்ரவரி 29-ல மொரீசியஸோட அகலேகா தீவுல நம்ம நாட்டுக் காசுல கட்டின 3,000 மீட்டர் ஓடுபாதையையும் படகுத்துறையையும் திறந்தாச்சு. அந்தத் தீவுல குடியிருக்கது ஏறக்குறைய 300 பேர். அது படைத்தளம் இல்லன்னு மொரீசியஸ் அரசு சொல்லுது. இருக்கட்டும். ஆனா இனிமே நாமளும் வேலிக்கு உள்ள நிக்கிற கட்சிதான்.

"எங்க மச்சான் சொன்னான்" கதை மட்டும் வேண்டாம்.

நெட்டலை:
முதல்ல "தளம்"னு ஒரே சொல்லுல எல்லாத்தையும் போட்டு மூடக் கூடாது. வான்தளம்னா விமான எரிபொருள், தீயணைப்பு நுரை, சத்தம். கடற்படைத் துறைன்னா கப்பல் அடித்தட்டு எண்ணெய்த் தண்ணி, அடிப்பக்கம் சிப்பி ஒட்டாம இருக்கப் பூசுத நச்சுப் பெயிண்ட். சுடுதளம்னா வெடிக்காமப் புதைஞ்ச குண்டும் வெடிமருந்து கசிஞ்ச மண்ணும். ரேடியோ நிலையம்னா பெரும்பாலும் நிலம்தான் பிரச்சினை.

நம்ம விஜயநாராயணத்துல இருக்கிற கட்டபொம்மன் நிலையம் கடைசி வகை. 1990-ல கடற்படை தொடங்கினது, முழுகி நிக்கிற நீர்மூழ்கிக்குச் செய்தி அனுப்புத மிகத்தாழ் அலைவரிசை. 2014 ஜூலை 31-ல புது நிலையம் சேர்ந்துச்சு. இதே வேலைக்கு அமெரிக்கா அடுத்த நாட்டு மண்ணுல கட்டினது ஆஸ்திரேலியாவோட வடமேற்கு முனையில. 1963-ல ஒப்பந்தம், 1967 செப்டம்பர்ல திறப்பு, 13 கோபுரம், நடுக்கோபுரம் மட்டும் 387 மீட்டர், சக்தி 1 மெகாவாட், அலைவரிசை 19.8 கிலோஹெர்ட்ஸ். எக்ஸ்மவுத்ங்கிற ஊரே அந்த நிலையத்துக்காகக் கட்டினதுதான்.

எதுக்கு அவ்வளவு நிலம்? 19.8 கிலோஹெர்ட்ஸ்ல அலைநீளம் 15 கிலோமீட்டர். சரியான ஏரியலுக்குக் கால் அலைநீளம் வேணும், அதாவது 3.8 கிலோமீட்டர் உயரம். அப்படி ஒரு கோபுரம் உலகத்துலயே கிடையாது. அதனால கோபுரத் தலையில இருந்து குடைக்கம்பி மாதிரி வயர்களை விரிச்சு, கீழ மண்ணுக்குள்ள செம்புக் கம்பியை நடுவுல இருந்து நாலா பக்கமும் புதைச்சு ஈடுகட்டுதாங்க. வேலி அவ்வளவு தூரம் போறது கட்டடத்துக்காக இல்ல, அந்தச் செம்புக்காக.

இந்த வகை நிலையத்துக்குப் பக்கத்துல விவசாயி பார்க்க வேண்டியது ஒண்ணு உண்டு. கல்தூண்ல நீளமா இழுத்த முள்கம்பி, மரச்சட்டத்து மேல நிக்கிற தகரக் கூரை, ரப்பர் டயர்ல நிக்கிற டிராக்டர், இப்படி மண்ணைத் தொடாத பெரிய உலோகம் எல்லாம் அலையை வாங்கி வச்சிருக்கும். தொட்டா விரல்ல சுளீர்ங்கும். சர்வதேச வழிகாட்டுதல்படி இந்த அலைவரிசையில பொதுமக்களுக்கான வரம்பு மீட்டருக்கு 83 வோல்ட். தொடும்போது உடம்பு வழியா ஓடுத மின்னோட்டத்துக்கு 4 மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழ. சரிபண்ணுதது சுலபம். வேலியோட ரெண்டு முனையிலயும், நடுவுல ஐம்பது மீட்டருக்கு ஒண்ணாவும் இரும்புத் தடியை ஈர மண்ணு வரைக்கும் அடிச்சு, எல்லா வரிசைக் கம்பியையும் அதோட சேர்த்து முறுக்கணும். நம்ம ஆளுங்க மேல் வரிசையை மட்டும் கட்டிட்டுக் கீழ ரெண்டையும் விட்டுருவாங்க, ஆடு மாடு மூக்கை வைக்கிறது கீழ்க் கம்பியில. தேரி மணல்ல கோடையில தடி காஞ்ச மண்ணுல நின்னா எர்த் கிடைக்காது, ஆழமாப் போகணும். நம்ம ஊர்ல இப்படி நடந்துச்சுன்னு சொல்லலை, இந்த வகை நிலையம் எங்க இருந்தாலும் அளக்க வேண்டியது இது.

வள்ளியூர் வியாபாரி:
அண்ணாச்சி, நீங்களே சொல்லிட்டீங்க, ஊரே இல்லாத இடத்துல ஊரு வந்துச்சுன்னு. சம்பளக்காரன் ஆயிரம் பேரு வந்து இறங்கினா பால், காய்கறி, சலூன், ஆட்டோ எல்லாத்துக்கும் ஓட்டம்தான். ஒகினாவாக்காரன் இடத்துக்கு வாடகை வாங்குதான், அதுவும் அவன் நாட்டு அரசே வருஷா வருஷம் குடுக்கு. தண்ணி, சத்தம்னு பேசுங்க, வேண்டாங்கல. ஆனா காசு வரலன்னு எழுதாதீங்க.

கணக்கப்பிள்ளை:
வருது, யாரும் இல்லங்கல. எவ்வளவுன்னுதான் பார்க்கணும்.

ஒகினாவா மாகாணத்தோட மொத்த வருமானத்துல தளத்து வழியா வர்ற பங்கு 1965-ல ஏறக்குறைய 30 சதவீதம். 1972-ல ஜப்பான் கைக்குத் திரும்பும்போது 15. இப்ப 5 ஒட்டி நிக்கி. நிலவாடகை, உள்ள வேலை பார்க்கிற உள்ளூர்க்காரன் சம்பளம், சிப்பாய்கள் செலவு எல்லாம் சேர்த்துதான் இந்தக் கணக்கு. ஜப்பான் நிலப்பரப்புல 0.6 சதவீதம் இருக்கிற மாகாணத்துல, அந்த நாட்டுல அமெரிக்கப் படை மட்டும் பயன்படுத்துத நிலத்தில் 70 சதவீதம் கிடக்கு. நிலம் அவ்வளவு, வருமானம் இவ்வளவு.

திரும்பி வந்த நிலம் என்ன ஆச்சுன்னும் பாருங்க. நாஹா நகரத்துல படைக்குடியிருப்பா இருந்த ஒரு இடம் 1987-ல முழுசாத் திரும்பிச்சு. அங்க இப்ப கடைவீதி, அருங்காட்சியகம், அலுவலகம். மாகாண அரசு கணக்குப்படி அந்த நிலத்துல இருந்து வர்ற நேரடிப் பொருளாதாரப் பலன் வருஷத்துக்கு 520 கோடி யென்ல இருந்து 16,340 கோடி யென் ஆச்சு. வேலை பார்க்கிறவங்க 168 பேர் இருந்த இடத்துல 15,560 பேர்.

வள்ளியூர் வியாபாரி:
சரி வே, 31 மடங்குக்கு மேலன்னு கணக்கு வருது, ஒத்துக்கிடுதேன். ஆனா 1987-ல வந்த நிலத்துல பெரிய கடை எழும்பினது 2000-க்கு அப்புறம்தான். நடுவுல பதினஞ்சு வருஷம் வாடகையும் இல்ல, கடையும் இல்ல. அந்த இடைவெளியைத் தாங்குதவன் யாரு? சூபிக்கைப் பாருங்க. 1991 செப்டம்பர் 16-ல பிலிப்பீன்ஸ் செனட் 12-க்கு 11-னு ஓட்டுப் போட்டு ஒப்பந்தத்தை நிராகரிச்சுது, 1992 நவம்பர் 24-ல கடைசிக் கப்பல் போச்சு. அங்க வேலை பார்த்த ஜனம் ஒரே வருஷத்துல ரோட்டுக்கு வந்துட்டு. அப்புறம் சுதந்திரத் துறைமுகம் ஆக்கி நிமிந்தாங்க, அது வேற.

கணக்கப்பிள்ளை:
அதுதான் சரியான எதிர்க்கேள்வி. ஒற்றை முதலாளி ஊருக்கு இருக்கிற நோய் அது. எக்ஸ்மவுத்துலயும் 1990-களில் அமெரிக்கர்கள் கிளம்பினதும் ஊர் தடுமாறித்தான் நிங்கலூ பவளத்திட்டு, திமிங்கலச்சுறா சுற்றுலாவுக்கு மாறிச்சு. ஒப்பந்தத்துல திரும்பத் தர்ற தேதி முன்கூட்டியே இருந்தா அந்தப் பதினஞ்சு வருஷத்தை அஞ்சாக் குறைக்கலாம். தேதி இல்லாததுதான் வழக்கம்.

அடங்கல்:
தேதிக்கு முன்னால் பட்டா. இந்த விஷயத்தில் டியேகோ கார்சியாவை மிஞ்சின பாடம் கிடையாது.

டியேகோ கார்சியா இருக்கிற சாகோஸ் தீவுகளில் தென்னந்தோப்புதான் பிழைப்பு. தோப்பு முழுவதும் கம்பெனிக்குச் சொந்தம். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு வீட்டடிக்குக்கூடப் பத்திரம் இல்லை. 1965-ல் பிரிட்டன் இந்தத் தீவுகளை மொரீசியஸிலிருந்து பிரித்தது. 1966-ல் அங்கே படைத்தளம் அமைக்க அமெரிக்காவோடு 50 ஆண்டுக்கும், தேவைப்பட்டால் இன்னும் 20 ஆண்டுக்கும் கடிதப் பரிமாற்றம். 1967-ல் தோப்புக் கம்பெனியின் சொத்தை 6,60,000 பவுண்டுக்கு வாங்கிவிட்டார்கள். கம்பெனியின் பேர் சாகோஸ்-அகலேகா. தேரிக்காட்டான் மேலே எழுதின அதே அகலேகா.

அதன்பிறகு ஆட்களை வெளியேற்ற ஆர்ப்பாட்டம் எதுவும் தேவைப்படவில்லை. "இவர்கள் குடிகள் இல்லை, ஒப்பந்தக் கூலிகள்" என்று ஏட்டில் எழுதினார்கள். மொரீசியஸுக்கு வைத்தியத்துக்கோ உறவு பார்க்கவோ போனவர்களைத் திரும்பக் கப்பல் ஏற்றவில்லை. சரக்கு வரத்தைச் சுருக்கினார்கள். கடைசியில் தீவு நாய்களை அடைத்து வைத்து வண்டிப்புகையால் கொன்றார்கள். 1973-க்குள் 1,500 முதல் 2,000 பேர் வரை போய்விட்டார்கள். 1972-ல் மொரீசியஸ் அரசுக்குக் கொடுத்தது 6,50,000 பவுண்டு. அது ஜனங்கள் கைக்கு வர ஐந்தாறு வருஷம் பிடித்தது. 1982-ல் இன்னொரு 40 லட்சம் பவுண்டு. 2025 மே 22-ல் கையெழுத்தான ஒப்பந்தம் இறையாண்மையை மொரீசியஸுக்குக் கொடுத்துவிட்டு, டியேகோ கார்சியாவை மட்டும் 99 ஆண்டுக் குத்தகையாக, ஆண்டுக்குச் சராசரி 10.1 கோடி பவுண்டுக்கு, எடுத்துக்கொள்கிறது. அதன்படி மற்றத் தீவுகளில் குடியேற்றலாம், டியேகோ கார்சியாவில் முடியாது. குத்தகைப் பணம் போவது அரசாங்கத்துக்கு. தோப்பில் பிறந்தவன் குத்தகைதாரனும் இல்லை, நிலச்சொந்தக்காரனும் இல்லை.

ஒகினாவாவில் வேற மாதிரி. 1945 சண்டையில் நிலப்பதிவேடுகளே எரிந்துபோயின. 1953-ல் அமெரிக்க நிர்வாகம் போட்ட ஆணையை வைத்து, மறுத்த கிராமங்களில் துப்பாக்கியும் புல்டோசரும் வந்தன. மொத்த வாடகையை ஒரே தவணையில் கொடுத்து முடிக்கப் பார்த்தார்கள். 1956-ல் தீவு முழுக்கக் கிளம்பின எதிர்ப்பில்தான் அது ஆண்டு வாடகையாக மாறியது. இன்றைக்கு வியாபாரி அண்ணாச்சி பாராட்டுகிற வாடகை, சும்மா கொடுத்ததில்லை.

நம்ம பக்கம் இது யாருக்குப் பொருந்தும் என்றால், நத்தம் புறம்போக்கில் வீடு, குளத்து உள்வாயில் பயிர், மேய்ச்சல் தரையில் ஆடு என்று அனுபோகம் மட்டும் உள்ளவர்களுக்கு. 2013 நில எடுப்புச் சட்டத்தில் நிலம் சொந்தமில்லாத குத்தகைக்காரரும் விவசாயக் கூலியும், எடுப்புக்கு முந்தின மூன்று ஆண்டு அந்த நிலத்தில் பிழைத்திருந்தால், பாதிக்கப்பட்ட குடும்பம்தான். ஆனால் அதே சட்டத்தின் 40-ஆவது பிரிவு, பாதுகாப்புக்கென்றால் அவசர எடுப்பை அனுமதிக்கிறது. அந்த வழியில் போனால் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் தவிர்க்கலாம். ஆகவே நோட்டீஸ் வந்தபிறகு ஆவணம் தேடக் கூடாது. அடங்கல் நகல், வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு அட்டை, பழைய வாக்காளர் பட்டியல் நகல் எல்லாவற்றிலும் ஒரே கதவு எண், ஒரே சர்வே எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பாதிக் கேஸ் தோற்பது உட்பிரிவு எண் பொருந்தாததால்தான்.

பத்தமடைப் பாய்:
நடுவுல ஒரு பாம்பு. குவாம் தீவுக்கு ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் படைச் சரக்கோட பழுப்பு மரப்பாம்பு வந்து இறங்கிச்சு. அங்க அதைத் தின்ன ஆளில்லை, மரத்துல கூடு கட்டின பறவைக்குப் பாம்புன்னா என்னன்னே தெரியாது. காட்டுல வாழ்ந்த உள்ளூர்ப் பறவை 12 வகையில 10 காணாமப் போச்சு. கரண்டுக் கம்பியில ஏறி ஊருக்கே மின்தடை பண்ணுது. இப்ப ஒழிக்கிறதுக்கு என்ன பண்ணுதாங்க தெரியுமா? செத்த சுண்டெலிக்குள்ள 80 மில்லிகிராம் பாராசிட்டமால் வச்சு, சின்னக் காகிதப் பாராசூட் கட்டி ஹெலிகாப்டர்ல இருந்து போடுதாங்க. பாராசூட் கிளையில மாட்டும், பாம்பு தின்னும், சாகும். சரக்கு இறக்கும்போது ஒரு மோப்ப நாயை நிறுத்தியிருந்தா முடிஞ்சிருக்க வேண்டிய வேலை.

ஊற்றுக்கண்:
தண்ணிக்கு வாரேன். நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

வான்தளங்களில் எண்ணெய்த் தீயை அணைக்க ஒரு நுரை உண்டு. 1960-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகமும் 3எம் கம்பெனியும் உருவாக்கினது. கெட்டித் திரவம் 3 பங்கு, தண்ணி 97 பங்கு; சில வகை 6-க்கு 94. எரிகிற பெட்ரோல் மேல படலமாப் படர்ந்து காத்தை அடைக்கும். அந்தப் படலத்தை உண்டாக்குதது ஃபுளோரின் சேர்மங்கள், பிஃபாஸ்னு மொத்தமாச் சொல்லுதாங்க. கார்பன்-ஃபுளோரின் பிணைப்பை வெயிலும் உடைக்காது, நுண்ணுயிரும் உடைக்காது. உண்மையான தீயில கொட்டினது கொஞ்சம். வாராவாரம் பயிற்சிக்குத் திறந்தவெளிக் குழியில எண்ணெய் ஊத்திக் கொளுத்தி அணைச்சுப் பழகினாங்க பாருங்க, அந்தக் குழிதான் வருஷக்கணக்கா ஊறினது.

அளவு புரிய ஒரு கணக்கு. ஜப்பான் 2020-ல வச்ச தற்காலிக இலக்கு, ரெண்டு முக்கியச் சேர்மமும் சேர்ந்து லிட்டருக்கு 50 நானோகிராம். ஒரே ஒரு கிராம் எடுத்துக்கோங்க. 50 நானோகிராம் வீதம் கலந்தா 2 கோடி லிட்டர் தண்ணியை வரம்புக்குக் கொண்டுபோயிரும். 2 கோடி லிட்டர்னா ரெண்டரை ஏக்கர்க் குளத்துல ரெண்டு மீட்டர் ஆழத்துக்கு நிக்கிற தண்ணி. அந்த ஒரு கிராம், உப்புல ரெண்டு மூணு சிட்டிகை எடைதான். அமெரிக்கா 2024 ஏப்ரல்ல வச்ச வரம்பு ஒவ்வொண்ணுக்கும் 4 நானோகிராம். அந்தக் கணக்குல ஒரு கிராமுக்குப் பன்னிரண்டு குளத்துக்கு மேல.

ஒகினாவாவில கடேனா வான்தளத்தைச் சுத்தி இருக்கிற ஆத்துத் தண்ணியும் கிணத்துத் தண்ணியும் சாதான் சுத்திகரிப்பு நிலையம் வழியா ஏறக்குறைய நாலரை லட்சம் பேருக்குப் போயிட்டிருந்துச்சு. 2016-ல மாகாண அரசு அதுல இந்தச் சேர்மம் இருக்குன்னு அறிவிச்சுது. 2020 ஏப்ரல் 10-ல அதே ஒகினாவாவில ஃபுடென்மா வான்தளத்துல விமானக் கொட்டகைக்குப் பக்கத்துல யாரோ இறைச்சி சுட்டிருக்காங்க. அந்தச் சூட்டுல தானியங்கித் தீயணைப்பு கிளம்பி 2,27,000 லிட்டர் நுரைத்தண்ணி கொட்டிச்சு, அதுல 1,44,000 லிட்டர் வேலிக்கு வெளியே போச்சு. வாய்க்கால்ல மிதந்து, காத்துல பஞ்சு மாதிரி பறந்து வீட்டுவாசல்ல வந்து விழுந்துச்சு. அள்ளினது உள்ளூர்த் தீயணைப்புக்காரங்க. கொட்டகைக் கதவைத் திறந்து வச்சுட்டா நுரை உள்ள நிக்காது, மழைநீர் வடிகாலுக்குப் போயிரும்; அந்த வடிகாலுக்கு அடைப்பான் வால்வு இருந்து யாராவது ஓடிப்போய் மூடினாத்தான் உண்டு. தளம்னு இல்ல, எண்ணெய்க் கிடங்கு, விமான நிலையம் எதுக்கும் இதுதான் முதல் கேள்வி: வடிகால் வால்வு எங்க, சாவி யார்கிட்ட?

இன்னொரு காரணம் பாறை. ஒகினாவாவோட தென்பாதி பவளச் சுண்ணாம்புப்பாறை, உள்ள ஓட்டையும் குகையுமா இருக்கும். மண்ணு வடிகட்டுத வேலையே அங்க நடக்காது, மேல விழுந்தது அப்படியே ஊத்துக்குப் போயிரும். நம்ம திசையன்விளைப் பக்கம் ஆயன்குளம் கிணறு நினைவிருக்கா? 2021 மழையில வெள்ளத்தை வாரக்கணக்கா உள்ள விட்டும் நிறையல. சென்னை ஐ.ஐ.டி. ஆட்கள் பார்த்துட்டுக் கீழ சுண்ணாம்புப்பாறைக் குகைவழி இருக்குன்னாங்க. வெள்ளத்தை உள்ள விடும்போது அது வரம். மேல எண்ணெயோ நுரையோ விழுந்தா அதே வழிதான், எந்த ஊர்க் கிணத்துல எப்ப தலைகாட்டும்னு சொல்ல முடியாது.

பத்தமடைப் பாய்:
கொதிக்க வச்சாப் போகாதா? வீட்டு ஆர்.ஓ.?

ஊற்றுக்கண்:
கொதிக்க வச்சா தண்ணி ஆவியாகி மிச்சம் இன்னும் கெட்டியாகும், போகாது. கேண்டில் ஃபில்டர் பிரயோசனமே இல்ல. ஆர்.ஓ. நல்லாப் பிடிக்கும், ஆனா பிடிச்சதைக் கழிவுக்குழாய் வழியா வெளிய விடும். அதைத் தென்னைக்கு விட்டா சுத்தி வந்து மறுபடி கிணத்துக்கே போகும். சாதான் நிலையத்துல போட்டது குருணைக் கரித்தொட்டி. கரி நீளச் சங்கிலிச் சேர்மத்தை நல்லாப் பிடிக்கும், குட்டைச் சங்கிலியைச் சீக்கிரமே விட்டுரும். எப்ப விடுதுன்னு சோதிக்காம வருஷக்கணக்கு வச்சுக் கரி மாத்துத இடத்துலதான் தப்பு நடக்கும். இன்னொண்ணு, நம்ம குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500:2012 பட்டியல்ல இந்தச் சேர்மத்துக்கு வரம்பே கிடையாது. சாதாரணச் சோதனை அறிக்கையில எல்லாம் சரின்னு வந்தா, "இது பார்க்கவே இல்ல"ன்னு அர்த்தம்.

நெறியாளர்:
கூடங்குளம் பற்றி வந்த மூன்று பதிவுகளை அந்த இழைக்கே மாற்றியிருக்கிறேன். இங்கே படைத்தளம் மட்டும்.

உவரிக் கரை:
கடல்காரன் பக்கம் ஒண்ணு விட்டுப்போச்சு. டியேகோ கார்சியாவைச் சுத்தி 2010-ல பிரிட்டன் 6,40,000 சதுர கிலோமீட்டரை மீன்பிடி தடைப்பகுதின்னு அறிவிச்சுது. குமரிமுனையில இருந்து தீவு ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர் தெற்க, அதாவது தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் தூண்டில் படகு போய்வர்ற தூரம். சுறாவுக்கும் சூரைக்கும் போற படகு அங்க பிடிபட்டா படகு, மீன், தூண்டில் எல்லாம் முடங்கும், அபராதம் வேற. 2015 மார்ச்சில சர்வதேச நடுவர் மன்றம் அந்த அறிவிப்பு கடல்சட்டத்துக்கு விரோதம்னு சொல்லிச்சு, கோடு மட்டும் அழியல.

செய்ய வேண்டியது: பிளாட்டர்ல (படகுல இருக்கிற ஜி.பி.எஸ். வரைபடக் கருவி) சாகோஸ் தீவு ஒவ்வொண்ணுக்கும் 200 கடல் மைல் வட்டத்தைப் போட்டு, அதுக்கு 30 மைல் முன்னாலயே அலாரம் வைக்கணும். கோட்டு மேலயே அலாரம் வச்சா பத்தாது. ராத்திரி தூண்டில் போட்டு மிதக்கும்போது நீரோட்டம் மணிக்கு ஒரு மைல் இழுத்தாலும், விடியறதுக்குள்ள பத்து பன்னிரண்டு மைல் போயிரும். எஞ்சின் நின்னா இன்னும் மோசம்; நின்ன நேரம், இடம் உடனே பதிஞ்சு வச்சாத்தான் "தெரிஞ்சு வரலை"ன்னு வாதாட முடியும்.

2021 அக்டோபர்ல இலங்கைத் தமிழர் 89 பேர் வந்த படகு தத்தளிச்சு, அவங்களை டியேகோ கார்சியாவுல ஏத்தினாங்க. மூணு வருஷம் வேலிக்குள்ள கூடாரத்துல. 2024 டிசம்பர்ல அந்தத் தீவுப் பிரதேச நீதிமன்றமே அது சட்டவிரோத அடைப்புன்னு தீர்ப்புச் சொல்லிச்சு. சொந்தக் குடியை வெளியேத்தின தீவுல, அகதியை வெளிய விடல.

தேரிக்காட்டான்:
யார் சரிபண்ணணும்ங்கிற கேள்விக்கு இன்னும் பதில் வரலை. அடங்கல் அண்ணாச்சி?

அடங்கல்:
ஒப்பந்தத்தில் எழுதினவன் சரிபண்ண வேண்டும். ஜப்பானில் அமெரிக்கப் படைக்கு என்ன உரிமை, என்ன கடமை என்று வகுக்கிற ஜப்பான்-அமெரிக்க அந்தஸ்து ஒப்பந்தத்தின் 4-ஆவது பிரிவில், நிலத்தைத் திருப்பித் தரும்போது பழைய நிலைக்குக் கொண்டுவரவோ அதற்குப் பதில் பணம் கொடுக்கவோ அமெரிக்காவுக்குக் கடமை இல்லை என்று நேராகவே இருக்கிறது. ஆகவே திரும்பிவந்த நிலத்தில் மண் தோண்டிச் சுத்தம் செய்வது ஜப்பான் அரசின் செலவு. பிலிப்பீன்ஸின் 1947 ஒப்பந்தத்திலும் சுத்தம் செய்யும் கடமை இல்லை; பினாட்டுபோ எரிமலையில் வீடிழந்தவர்களைக் காலியான கிளார்க் தளத்தில் குடிவைத்தபோது அவர்கள் குடித்தது அந்தத் தளத்துக் கிணற்றுத் தண்ணீர்.

இரண்டாவது, உள்ளே போய்ப் பார்க்கும் உரிமை. 2004 ஆகஸ்ட் 13-ல் ஃபுடென்மாவை ஒட்டிய பல்கலைக்கழகத்தில் ஹெலிகாப்டர் விழுந்தது. விழுந்தது வேலிக்கு வெளியே. அப்படியிருந்தும் உள்ளூர்ப் போலீஸை அமெரிக்கப் படையினர் உள்ளே விடவில்லை. 2015-ல் தான் சுற்றுச்சூழலுக்குத் துணை ஒப்பந்தம் வந்தது. அந்த இறைச்சி சுட்ட நுரைச் சம்பவத்தில்தான் முதல்முறையாக அதன்படி உள்ளே போனார்கள்.

மூன்றாவது, விதிவிலக்கு வார்த்தை. 1996 சத்த ஒப்பந்தம் இரவு 10 முதல் காலை 6 வரை பறக்கக் கூடாது என்கிறது. கூடவே, "படை நடவடிக்கைக்குத் தேவை எனக் கருதப்படுவது தவிர". கருதுவது படைத்தளபதி. கடேனாவைச் சுற்றி உள்ள 22,000 பேர் போட்ட வழக்கில் 2017-ல் கீழ்க்கோர்ட் 3,020 கோடி யென் நட்டஈடு கொடுக்கச் சொன்னது (மேல்முறையீட்டில் அது குறைந்தது), பறப்பை நிறுத்தச் சொல்ல மட்டும் நீதிமன்றம் மறுத்தது. அமெரிக்கப் படை ஜப்பான் அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத மூன்றாம் ஆள் என்று காரணம். ஆக, காசு கொடுத்துவிட்டுச் சத்தம் போடலாம். அந்தக் காசும் ஜப்பான் வரிப்பணம்.

நம்ம சட்டத்திலும் ஓட்டை உண்டு. 2006 சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையில் தேசப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்திலிருந்து விலக்கு. தெலங்கானாவில் விகாராபாத் பக்கம் தாமகுண்டம் காட்டில் 2,900 ஏக்கரில் விஜயநாராயணம் மாதிரியே இரண்டாவது நிலையத்துக்கு 2024 அக்டோபர் 15-ல் அடிக்கல் வைத்தார்கள். அங்கே நடக்கும் வாக்குவாதத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். கூட்டம் நடக்காது என்றால் பஞ்சாயத்துக்கு மிச்சம் இருப்பது ஒன்றுதான், தளம் வருமுன் தண்ணீர் எப்படி இருந்தது என்ற எழுத்துச் சான்று. பிறகு எந்த மன்றத்துக்குப் போனாலும் முதல் கேள்வி "முன்பே கெட்டிருக்கலாமே" என்பதுதான்.

வள்ளியூர் வியாபாரி:
இதுக்கு நானும் காசு போடுதேன். எந்தத் தொழிற்சாலை வந்தாலும் இதே கேள்விதான கேப்பான். ஊற்றுக்கண், எப்படி எடுக்கணும்னு எழுதும் வே.

ஊற்றுக்கண்:
கிணறு தேர்வு: வேலி வரப்போற இடத்துக்கு மேட்டுப்பக்கம் ஒண்ணு, பள்ளப்பக்கம் ரெண்டு, கீழ்க்குளத்து மடையில ஒண்ணு. மேட்டுக் கிணறு இல்லாம எடுத்த அறிக்கைக்கு மதிப்பில்ல. வடகிழக்குப் பருவமழைக்கு முன்ன செப்டம்பர்ல ஒருதரம், ஜனவரியில ஒருதரம். தண்ணி மட்டத்தை டேப் போட்டு அளந்து எழுதிக்கணும்.

பிஃபாஸுக்கு: பாலிபுரொப்பிலீன் அல்லது ஹெச்.டி.பி.ஈ. பாட்டில், 250 மில்லி, ஆய்வகமே தர்றது. மூடிக்குள்ள டெஃப்லான் வட்டு இருக்கக் கூடாது. குழாய்ச் சுரையில வெள்ளை டெஃப்லான் டேப் சுத்தியிருந்தா அந்தக் குழாய் வேண்டாம், வாளி போட்டு எடுக்கவும். வாளிக்கயிறு பருத்தி. நைட்ரைல் கையுறை. அன்னைக்கு முகத்துக்கு கிரீம் பூசினவன், மழைக்கோட்டு போட்டவன் கிட்டயே வரக் கூடாது. மழை படாத துணி, பரோட்டா கட்டித் தர்ற எண்ணெய் ஒட்டாத தாள் எல்லாத்துலயும் இதே சேர்மம் இருக்கலாம். ஆய்வகம் தர்ற சுத்தத் தண்ணி நிரப்பின பாட்டில் ஒண்ணைக் கிணத்தடியில திறந்து வேற வெத்துப் பாட்டில்ல ஊத்தி அதையும் அனுப்பணும். அதுல அளவு வந்தா உங்க கை அழுக்கு, கிணறு இல்ல. பம்பு போட்டு அஞ்சு பத்து நிமிஷம் ஓடவிட்டு எடுங்க, இல்லன்னா குழாய்ல நின்ன தண்ணிதான் வரும். ஐஸ் பெட்டியில சாதா ஐஸ்கட்டி, ஜெல் பை வேண்டாம். ரெண்டு வாரத்துக்குள்ள ஆய்வகத்துல பிரிச்செடுப்பு தொடங்கணும்.

எரிபொருளுக்கு வேற பாட்டில்: 40 மில்லி கண்ணாடிக் குப்பி, உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலச் சொட்டு ஏற்கெனவே இருக்கும், கழுவிராதீங்க. விளிம்பு மேல தண்ணி குவிஞ்சு நிக்கிற வரைக்கும் நிரப்பி மூடிட்டுத் தலைகீழாக் கவிழ்த்துப் பாருங்க. பட்டாணி அளவு குமிழி தெரிஞ்சாலும் அந்தக் குப்பியை விட்டுட்டுப் புதுசு எடுக்கணும். எரிபொருள்ல இருக்கிற பென்சீன் அந்தக் காத்துக்குள்ள போயிரும், அறிக்கையில குறைச்சலாக் காட்டும்.

தேரிக்காட்டான்:
லேபிள்ல யார் கையெழுத்து?

ஊற்றுக்கண்:
எடுத்தவர், பஞ்சாயத்துத் தலைவர், கிணத்துக்காரர், மூணும். கிணத்து சர்வே எண், உட்பிரிவோட. அடங்கல் சொன்னது இங்கயும்தான். தேதி, மணி, தண்ணி மட்டம். பால்பாயிண்ட் பேனா. ஒரே கிணத்துல ரெண்டு பாட்டில் எடுத்து, ரெண்டாவதை வேற ஆய்வகத்துக்கு அனுப்புங்க.

தேரிக்காட்டான்:
செப்டம்பர் முதல் வாரம். மடைக்கு யார் வாரீங்க?

உவரிக் கரை:
நான் வாரேன். பருத்திக் கயிறு என்கிட்ட இருக்கு.